வேலையிழந்தோரும் விதிகளும்



சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சேர்ந்த மஞ்சக்குட்டை என்னும் சிற்றூரிலிருந்து உங்களோடு பேச வந்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பல ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளிற் சிலர் இன்று காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். சிலர் மலையிறங்கிச் சேலத்திற்கும் திருப்பூருக்கும் சென்று ஆலைகளில் உழைக்கிறார்கள். அவர்களுக்கு ஏதேனும் இடர் நேர்ந்தால், இன்றும் என் வீட்டுத் திண்ணைக்கு வருவது வழக்கம். அப்படி வந்த ஒருவரின் கதையை முன்வைத்தே இன்றைய பொருளை விளக்க விரும்புகிறேன்.

வேலை போய்விட்டால் ஒரு மனிதனுக்குச் சட்டம் என்ன தருகிறது? எவருக்குத் தருகிறது? எவருக்குத் தர மறுக்கிறது? மறுப்பதற்குக் காரணம் யாது? இவையே இன்று நாம் ஆராயப்போகும் வினாக்கள். "நாங்கள் படிக்கிற பிள்ளைகள், இன்னும் வேலைக்கே போகவில்லை, வேலை போவதைப் பற்றி எங்களுக்கு ஏன்?" என்று நீங்கள் எண்ணலாம். மழை வருமுன் கூரை வேய்வதே மலைவாசிகளின் வழக்கம். இடி இடித்த பின் வைக்கோல் தேடுவாரில்லை.

பெருந்தொற்று ஓய்ந்த பின்னர் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். ஒரு நூற்பாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலையில் ஆர்டர் குறைந்துவிட்டது; பாதிப்பேரை நிறுத்தப்போகிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் இவரைத் தனியே அழைத்து, "நீயாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு, இந்த வாரமே கணக்குத் தீர்த்துவிடுகிறோம், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும்" என்றாராம். இவரும் ஒரு தாளில் கடிதம் எழுதி, அதில் பிழை இருக்குமோ என்று அஞ்சி, என்னிடம் காட்டக் கொண்டுவந்திருந்தார்.

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். "ஆலையில் வேலை இல்லை என்று தாங்கள் சொல்லி, விலகச் சொன்னபடியால் விலகுகிறேன்" என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை. முதலாளியைக் குறைசொல்வதுபோல் இருக்கிறது, பிரியும்போது பண்போடு பிரியவேண்டும் என்று சொல்லி, அதனை அடித்துவிட்டு, "என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு விலகிக்கொள்ள விரும்புகிறேன்" என்று மாற்றிக் கொடுத்தேன். சந்திப்பிழைகளையும் திருத்தினேன். அவர் மகிழ்ச்சியோடு எழுந்து, "நீங்கள் பார்த்தது போதும் ஐயா" என்று கும்பிட்டுச் சென்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதனை நீங்களும் அறியவேண்டுமானால், முதலில் இந்த உதவிகளின் வரலாற்றையும் அமைப்பையும் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

வேலையிழந்தவர்க்கு உதவுதல் என்பது மூன்று வகையாக நடைபெறும். முதலாவது ஈட்டுறுதி. தொழிலாளி வேலையில் இருக்கும்போதே சிறு தொகை செலுத்துவார்; முதலாளியும் செலுத்துவார்; வேலை போனால் அந்தப் பொது நிதியிலிருந்து உதவி கிடைக்கும். இரண்டாவது இழப்பீடு. ஆளைக் குறைக்கும் முதலாளியே, உழைத்த ஆண்டுகளுக்கு ஏற்ப ஒரு தொகை கொடுத்து அனுப்பவேண்டும். மூன்றாவது அரசு உதவி. வரிப்பணத்திலிருந்து, இல்லாதவர்க்கு அரசு தருவது. இம்மூன்றும் மூன்று வாயில்கள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு காவலன் நிற்கிறான். அவன் பெயர்தான் தகுதி விதி.

ஈட்டுறுதி என்னும் முறையை நாடு முழுவதற்குமான கட்டாயச் சட்டமாக முதன்முதலில் செய்த நாடு இங்கிலாந்து. 1911ஆம் ஆண்டில் அங்கே தேசிய ஈட்டுறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டட வேலை, கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற சில தொழில்களுக்கு மட்டுமே அது முதலில் பொருந்தியது. வேலையிழந்தவர்க்கு வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டிற்கு 15 வாரங்கள் வரை கொடுத்தார்கள். ஐந்து வாரம் சந்தா கட்டியவர்க்கு ஒரு வார உதவி என்பது கணக்கு. வேலையை இழந்த முதல் வாரத்திற்கு ஒன்றும் கிடையாது.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒருவன் தானாகவே வேலையை விட்டால் ஆறு வாரம் உதவி இல்லை என்றார்கள். ஆனால் "நியாயமான காரணமின்றி" விட்டால் என்று ஓர் அடைமொழியைச் சேர்த்தார்கள். அதாவது, விட்டாயா என்பதோடு நில்லாமல், ஏன் விட்டாய் என்றும் சட்டம் கேட்டது. அப்படிக் காரணமின்றி விட்டவனுக்கும் கதவை ஒரேயடியாக மூடாமல், ஆறு வாரங்கள் மட்டும் மூடியது.

அதே நாட்டில் விதி கடுமையாகி, மனிதரை வாட்டிய காலமும் உண்டு. 1921 முதல் 1930 வரை, உதவி கேட்பவர் தாம் "உண்மையாகவே வேலை தேடுகிறவர்" என்று மெய்ப்பிக்கவேண்டும் என்றொரு விதி இருந்தது. சுரங்கமும் ஆலையும் மூடிக்கிடந்த ஊர்களில், இல்லாத வேலையைத் தேடி மக்கள் வாயில் வாயிலாக நடக்கவேண்டியிருந்தது. குற்றமற்றவன் என்று காட்டும் பொறுப்பு உதவி கேட்பவன் தலையிலேயே விழுந்தது. மக்கள் எதிர்ப்பால் 1930இல் அவ்விதி நீக்கப்பட்டது. விதி மனிதர் செய்தது. ஆதலின் மனிதர் மாற்றவும் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, நாட்டின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, வேலை பெறும் உரிமைக்கும், வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய காலங்களில் அரசின் உதவி பெறும் உரிமைக்கும் அரசு வகைசெய்தல் வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் இது நெறிகாட்டும் கோட்பாடுகளுள் ஒன்று. இதனைக் காட்டி ஒருவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, "எனக்கு உதவி கொடு" என்று கேட்க இயலாது. அரசு இயற்றும் தனிச் சட்டங்களும் திட்டங்களுமே கைக்கு எட்டும் உரிமையைத் தருவன.

முதல் வாயிலாகிய ஈட்டுறுதியைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தை மக்கள் இ.எஸ்.ஐ. என்று அழைப்பார்கள். 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் இத்திட்டம் தொடங்கியது. நோய், மகப்பேறு, வேலையின்போது ஏற்படும் காயம் ஆகியவற்றுக்கே இது முதலில் உதவியது. வேலையிழப்புக்கான உதவி அரை நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் வந்தது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நேர்ந்தாலோ, அதன்படி உதவி கிடைத்தது. பின்னர் 2018ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அடல் பெயரில் மற்றொரு திட்டம் வந்தது.

இந்த இரண்டாவது திட்டத்தின் விதிகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் அது, ஒருவருடைய சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காட்டை, 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒரே முறை கொடுத்தது. அதைப் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் ஈட்டுறுதிக்குட்பட்ட வேலையில் இருந்திருக்கவேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு சந்தாப் பருவங்கள் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. இந்நான்கு பருவங்களிலும் பருவத்திற்கு 78 நாட்களேனும் சந்தா கட்டியிருக்கவேண்டும்.

78 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பாடம் படிக்கும் நீங்கள் கேட்கவேண்டும். ஆறு மாதத்திற்கு 26 வாரம். வாரத்திற்கு 6 வேலை நாள். பெருக்கினால் 156. அதில் பாதி 78. ஆக, ஆறு மாதத்தில் பாதி நாளாவது உழைத்திருக்கவேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள். எண்ணைக் கண்டு மிரளாமல், அதனைப் பிரித்துப் பார்த்தால் விதியின் கருத்து விளங்கும்.

2020இல் பெருந்தொற்று வந்தது. ஆலைகள் மூடின. கோடிக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். பழைய விதியின்படி பார்த்தால் பலருக்கும் உதவி கிடைக்காது என்பது வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் விதிகளைத் தளர்த்தினார்கள். 2020 மார்ச் 24 முதல் வேலையிழந்தவர்க்கு ஊதியத்தில் 50 விழுக்காடு என்று ஆக்கினார்கள். நான்கு பருவங்களிலும் 78 நாள் என்பதை மாற்றி, வேலை போவதற்கு முந்திய பருவத்தில் 78 நாளும், எஞ்சிய மூன்று பருவங்களுள் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் இருந்தால் போதும் என்றார்கள். வேலை போய் 90 நாள் காத்திருந்து கேட்கவேண்டும் என்பது 30 நாளாகக் குறைந்தது. விண்ணப்பம் பழைய முதலாளியின் வழியாகவே வரவேண்டும் என்பதையும் நீக்கி, தொழிலாளி நேரே கொடுக்கலாம் என்றார்கள். அவ்வாண்டு இறுதிவரை என்று கூறப்பட்ட இச்சலுகை பின்னர் நீட்டிக்கப்பட்டது.

நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் ஊதியம் பெற்றவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய அளவின்படி நாளுக்கு 125 ரூபாய். 90 நாளுக்கு 11,250 ரூபாய். தளர்த்திய அளவின்படி நாளுக்கு 250 ரூபாய். 90 நாளுக்கு 22,500 ரூபாய். ஓர் ஏழைக் குடும்பத்திற்கு இது மூன்று மாத அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் ஆகும்.

ஆனால் இரண்டு காலத்திலும் மாறாத ஒரு விதி உண்டு. ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர்க்கும், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்க்கும், தாமாகவே விரும்பி விலகியவர்க்கும் இவ்வுதவி இல்லை.

இப்பொழுது என் மாணவரின் கடிதம் உங்கள் நினைவுக்கு வரும்.

அவர் ஒரு மாதம் கழித்து வந்தார். உதவி உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். இருவரும் ஒரு நாள் காலைப் பேருந்தில் மலையிறங்கிச் சேலம் சென்றோம். உரிய அலுவலகத்தில் இருந்தவர் பண்பானவர். எங்களை உட்காரச் சொல்லி ஏட்டைப் பார்த்தார். சந்தா நாட்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு ஆலையிலிருந்து வந்த குறிப்பைப் பார்த்துவிட்டு, "இவர் தாமாக விலகியதாக அல்லவா இருக்கிறது? சொந்தக் காரணம் என்று அவர் கையெழுத்திலேயே கடிதம் இருக்கிறதே" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வருந்தினார். "நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம் ஐயா, ஆனால் என் முன் இருப்பது இந்தத் தாள்தானே" என்றார்.

அந்தத் தாளை எழுதியவன் நான். என் மாணவர் அதனை அங்கே சொல்லவில்லை. திரும்பும் பேருந்தில் வளைவுகளில் ஏறி வரும்போதும் சொல்லவில்லை.

இரண்டாவது வாயிலும் அதே தாளால் மூடியது என்பதைப் பிறகு அறிந்தேன். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்வதானால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ கொடுக்கவேண்டும். அதனோடு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும் என்று அது கூறியது. ஓராண்டு என்பது 12 மாதத்தில் 240 நாள் வேலை என்றும், சுரங்கத்தின் அடியில் உழைப்பவர்க்கு 190 நாள் என்றும் வரையறுத்தது. நாளுக்கு 500 ரூபாய் வாங்கி ஒன்பது ஆண்டு உழைத்தவர்க்கு 15 நாளை ஒன்பதால் பெருக்கினால் 135 நாள். அதாவது 67,500 ரூபாய். ஆனால் ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு இலக்கணம் சொன்ன அதே சட்டம், தொழிலாளி தாமாக விலகுவது அதில் அடங்காது என்றும் சொன்னது.

2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல், பழைய சட்டங்கள் பலவற்றின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் தொழில் உறவுகள் பற்றிய தொகுப்பும், ஆண்டிற்கு 15 நாள் ஊதியம் என்ற அளவையே வைத்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு உள்ளானவர் புதிய தொழிற்பயிற்சி பெறுவதற்கென, மேலும் 15 நாள் ஊதியத்தை முதலாளி ஒரு நிதியில் செலுத்தவேண்டும் என்று புதிதாகவும் சொல்கிறது. தாமாக விலகியவரை ஆட்குறைப்பில் சேர்க்காத நிலை அதிலும் தொடர்கிறது.

ஒன்று மட்டும் அவருக்குக் கிடைத்தது. அன்று நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. அதுவும், வருங்கால வைப்பு நிதியில் இருந்த அவருடைய சேமிப்பும் வந்து சேர்ந்தன. அவை அவர் முன்பே ஈட்டியவை. வேலை போனதற்காகக் கிடைக்கவேண்டியது கிடைக்கவில்லை.

மூன்றாவது வாயிலையும் தட்டிப்பார்த்தோம். தமிழ்நாட்டு அரசு, படித்து வேலையில்லாத இளைஞர்க்கு 2006 முதல் மாத உதவி கொடுத்துவருகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கு 400 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்து ஐந்தாண்டு காத்திருந்தவராகவும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாதவராகவும், வயது 40க்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் வயது வரம்பு 45. அலுவலகப் பதிவை மூன்றாண்டிற்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

என் மாணவர் பள்ளியை விட்டவுடன் பதிவு செய்தவர்தான். ஆனால் ஆலையில் வேலை கிடைத்த பின் புதுப்பிக்கவில்லை. வேலையில் இருப்பவன் வேலை வேண்டும் என்று ஏன் புதுப்பிக்கப்போகிறான்? ஆகவே பதிவு காலாவதியாயிற்று. மீண்டும் பதிந்தால் மீண்டும் ஐந்தாண்டு. அவர் அப்போதுதான் வாய்விட்டு ஒரு சொல் சொன்னார். "ஐயா, வேலையே செய்யாமல் இருந்திருந்தால் எனக்கு உதவி கிடைத்திருக்கும் போலிருக்கிறதே!" அவர் குரலில் சினம் இல்லை, சலிப்பே இருந்தது. எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

நண்பர்களே, இவ்விதிகள் எல்லாம் வீணானவை என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அது நேர்மையாகாது. ஈட்டுறுதி நிதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2019 ஜூலை முதல் தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் கட்டவேண்டும் என்று வகுத்தார்கள். 500 ரூபாய் ஊதியத்திற்கு முன்னவர் பங்கு 3 ரூபாய் 75 காசு; பின்னவர் பங்கு 16 ரூபாய் 25 காசு; மொத்தம் 20 ரூபாய். மருத்துவம், மகப்பேறு, காயம், இறந்தவர் குடும்பத்திற்கு உதவி எனப் பலவும் இந்த இருபது ரூபாயிலிருந்தே நடக்கவேண்டும். சந்தா கட்டாதவர் வந்து எடுத்துச்சென்றால், கட்டியவர்க்கு இல்லாமற் போகும். வேண்டியபோது வேலையை விட்டு வேண்டியபோது பணம் பெறலாம் என்றால், பொது நிதி ஊர்க் குளத்தின் மடையைத் திறந்துவிட்டது போல் வற்றிவிடும். ஆகவே, எத்தனை நாள் கட்டினாய், ஏன் வேலை போயிற்று, வேறு வேலை செய்ய அணியமாக இருக்கிறாயா என்னும் மூன்று வினாக்களை எந்த நாட்டு விதியும் கேட்டே தீரும். கேட்பது தவறன்று.

தவறு எங்கே நுழைகிறது என்றால், வினாவிற்கு விடை சொல்லும் உரிமை வலியவன் கையில் மட்டும் இருக்கும்போது நுழைகிறது. "ஏன் வேலை போயிற்று?" என்னும் வினாவிற்கு விடையை, வேலையை விட்டு அனுப்பியவனே எழுதி வைத்துக்கொள்கிறான். அனுப்பப்பட்டவன் கையெழுத்து மட்டும் இடுகிறான். உண்மையும் தாளும் வேறுபடும்போது, தாளைப் பார்த்தே விதி நடக்கிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் "நியாயமான காரணமின்றி" என்று சேர்த்த அடைமொழியின் அருமை இங்கேதான் விளங்கும். வற்புறுத்தி வாங்கிய விலகல் விலகலாகாது என்று தொழிலாளர் அலுவலரிடமும் தொழிலாளர் நீதிமன்றத்திலும் வாதாட வழி உண்டு. ஆனால் அங்கும் சான்று வேண்டும். என் மாணவரிடம் சான்று இல்லை. இருந்த ஒரே சான்று அவர் முதலில் எழுதிய வாக்கியம். அதனை நான் அடித்துவிட்டேன்.

விதியின் கண்ணுக்கே தெரியாத மக்களும் இருக்கிறார்கள். எங்கள் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சித்தலைவராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிச் செடியைக் கொணர்ந்தார். அன்றுமுதல் காப்பிதான் மலையின் வாழ்வு. பழம் பழுத்துப் பறிக்கும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்நான்கு மாதமும் ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் நாட்கள் 120ஐ அண்டியே நிற்கும். 240 என்னும் எண்ணை அவர்கள் எங்ஙனம் எட்டுவது? பறிப்பு முடிந்து வீட்டில் அமரும் பெண்ணைச் சட்டம் வேலையிழந்தவள் என்று கருதுவதில்லை. அவளை யாரும் நீக்கவில்லை. பழம் தீர்ந்தது, அவ்வளவே.

இத்தகையோருக்காகவே 2005ஆம் ஆண்டில் ஊரக வேலை உறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. நூறு நாள் வேலை என்று ஊரார் அழைத்தது அதனைத்தான். அதில் பலர் அறியாத ஒரு பிரிவு இருந்தது. வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதன் பின் அரைப் பங்கும் குறையாமல் வேலையின்மைப் படியாகத் தரவேண்டும் என்பது அது. ஆனால் 15 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வேலை கேட்ட நாளிலிருந்து. கேட்டதற்குச் சான்று யாது? நாள் குறித்த ரசீது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்க்கு ரசீது இல்லை. ரசீது இல்லாதவர்க்கு நாள் இல்லை. நாள் இல்லாதவர்க்குப் படி இல்லை. 2025 டிசம்பரில் இச்சட்டத்திற்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டத்தின் பெயர் எதுவாயினும், ரசீதின் தேவை மாறாது என்பதை நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னவற்றால் நீங்கள் கொள்ளவேண்டியது யாது? சுருங்கச் சொல்கிறேன். நீங்களோ உங்கள் பெற்றோரோ வேலையில் சேரும் நாள்முதல், நியமனத்தாள், ஊதியச் சீட்டு, ஈட்டுறுதி எண், வைப்பு நிதி எண் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை, வேலை கிடைத்தாலும் புதுப்பியுங்கள். எதனைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். வேலை போகும் நாளில் எவர் எந்தத் தாளை நீட்டினாலும், அன்றே கையெழுத்திடாமல் ஒரு நாள் தவணை கேளுங்கள்; அறிந்தவரிடம் காட்டுங்கள். உதவி கேட்கப் போகுமுன், விதி அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று உரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். ஏனெனில் விதிகள் மாறுவன. எல்லாவற்றிற்கும் மேலாக, கடிதத்தில் உண்மைக் காரணத்தை எழுதுங்கள். பணிவு வேறு, உண்மையை மறைத்தல் வேறு. உண்மையைப் பணிவாகச் சொல்ல முடியும். என் மாணவர் தம் முதற்கடிதத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதைப் பிழை என்று எண்ணியது என் பிழை.

உங்களில் சிலர் நாளை சட்டம் செய்யும் இடத்திலும், சட்டத்தை நடத்தும் மேசைக்குப் பின்னாலும் அமர்வீர்கள். அன்று, சேலத்து அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்துப் பேசிய அந்த நல்லவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் செயற்படுவதற்கு விதியில் இடம் இல்லை. "தாமாக விலகினார்" என்று எழுதியிருக்கும்போது, "ஏன்?" என்று ஒரு வினாக் கேட்க அவருக்கு இடம் கொடுக்கும் விதி ஒன்று வந்தால், எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியும். 2020இல் நான்கு பருவம் இரண்டாயிற்று. 90 நாள் 30 ஆயிற்று. எண்ணை மாற்ற முடிந்தவர்களுக்கு ஒரு சொல்லைச் சேர்ப்பது அரிதன்று.

என் மாணவர் இப்போது பறிப்புக் காலத்தில் தோட்டத்திற்குப் போகிறார். மற்றக் காலத்தில் கிடைத்த கட்டட வேலைக்குப் போகிறார். என்மேல் அவருக்கு வருத்தம் இல்லை என்கிறார். சென்ற ஆண்டு தம் மகளை என்னிடம் அழைத்துவந்து, "இவளுக்கும் கடிதம் எழுதக் கற்றுக்கொடுங்கள் ஐயா" என்றார். அந்தக் குழந்தைக்கு நான் கற்றுக்கொடுத்த முதற்பாடம், நடந்ததை நடந்தபடி, நாளிட்டு எழுதுவது. சந்திப்பிழைகளை அதன் பிறகே திருத்தினேன்.